பெண்டிங்: நில்

எங்கள் பவர் ஹவுஸில் ஒரு நோட்டு உண்டு. சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவன் அடுத்து வருகிறவனுக்கு அதில் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு லோடு, ஜெனரேட்டர் எத்தனை நிமிடம் ஓடியது, டீசல் எவ்வளவு மிச்சம், கம்ப்ரசர் ஏதும் சத்தம் போடுகிறதா என்று வரிசையாக வரும். கடைசி வரி எப்போதும் ‘பெண்டிங்’. முடிக்காமல் விட்டுப் போகிற வேலை. ஒன்றுமில்லை என்றால் ‘நில்’ என்று எழுத வேண்டும், அது ஆங்கில நில். நான் ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்த முதல் வாரம், யாரோ தமிழ் எழுத்தில் ‘பெண்டிங் – நில்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “யார நிக்கச் சொல்றாங்க?” என்று கேட்டுத் தொலைத்தேன். அதை வைத்து மூன்று மாதம் என்னை ஓட்டினார்கள். கேன்டீன் வரிசையில் நான் தட்டோடு நகர்ந்தால் பின்னாலிருந்து எவனாவது “நில்” என்பான்.

எங்கள் இன்சார்ஜுக்கு அந்த வார்த்தையைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். “மிஷின் ஓடுற எடத்துல பெண்டிங் இல்லாம இருக்குமாய்யா? நில்லுனு எழுதறவன் ஒண்ணு பொய் சொல்றான், இல்ல பேப்பர் போட்டுட்டான்” என்பார். பேப்பர் போடுவது என்றால் வேலையை விடுவது. அவர் சொன்னது சரிதான். வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாளில் எல்லாவற்றையும் முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியில் நில் எழுதிவிட்டுப் போவதை நானே நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. வேலை ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். நான் கட்டிக்கொண்டவளுக்கு வள்ளியூர் பக்கம். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாமல் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லென்ஸுக்கு அடியில் போர்டை வைத்து சால்டரிங் சரியா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி ரூமுக்கு கரண்ட் வரவில்லை, தெரிந்த எலக்ட்ரீஷியன் என்று ஓனர் என்னைக் கூப்பிட்டார். நான் போர்டைத் திறந்து ஒவ்வொரு எம்.சி.பி. சுவிட்சாகத் தட்டிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் துணி பக்கெட்டோடு நின்றிருந்தவள் சொன்னாள். “அண்ணே, நியூட்ரல் லூஸா இருக்கும். மொதல்ல அதப் பாருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண் படிக்கட்டில் நின்றுகொண்டு எனக்குச் சொல்லிக் கொடுப்பதா? வேண்டுமென்றே மற்றதையெல்லாம் இருபது நிமிடம் நோண்டினேன். கடைசியில் நியூட்ரல் வயரைத் தொட்டால் அது ஆடியது. முடுக்கியதும் கரண்ட் வந்தது. அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அந்த அண்ணே ஏழு மாதத்தில் போய், ஒன்றரை வருடத்தில் கல்யாணம் ஆயிற்று. அந்த இருபது நிமிட வீம்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி போர்ஷன் ஒன்றில் குடியிருந்தோம். குடியிருந்தோம் என்று பேர்தான். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவளுக்கு மதிய ஷிப்ட். நான் மூன்றரைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வாரம் மாறினால் ஷிப்டும் மாறும், என்னுடையது மாறும்போது அவளுடையதும் மாறும். அடுப்பின் மேல் மூடி வைத்த குழம்பு, கொடியில் இன்னும் காயாத சுடிதார், குளியலறையில் ஈரம், இதையெல்லாம் வைத்துத்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று தெரியும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அந்த விளையாட்டு வந்தது. கம்பெனியில் ஒருவர் விற்ற பழைய லேப்டாப்பை வாங்கியிருந்தேன். அதில் அவள் கண்டுபிடித்து ஏற்றியது அது. யாருமில்லாத ஒரு கிரகத்தில் ஒற்றை ஆளாக இறங்குவோம். இரும்புக் கல்லைத் தோண்டி, உருக்கி, தகடாக்கி, கன்வேயர் பெல்ட் போட்டு, படிப்படியாக ஒரு பெரிய ஃபேக்டரி கட்ட வேண்டும். நாள் முழுக்க ஃபேக்டரியில் வெந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் ஃபேக்டரியா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. “இங்கன சூப்பர்வைசர் கெடையாதுல்லா” என்றாள். அது போதுமானதாக இருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார முடியாது என்பதால் ஒரே ஆட்டத்தை மாற்றி மாற்றி ஆடினோம். காலையில் அவள் ஆடி சேவ் செய்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் நான் அதையே திறப்பேன். விளையாட்டில் இருப்பது ஒரே ஆள். அவள் அவனை எங்கே நிறுத்திவிட்டுப் போனாளோ அங்கேதான் நான் கண் விழிப்பேன். விளையாட்டுக்குள் அறிவிப்புப் பலகை நட்டு எழுதலாம். அவள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து எனக்கு எழுதி வைப்பாள். எந்த மிஷின் ஓடுகிறது, எந்த பெல்ட்டில் சரக்கு முட்டி நிற்கிறது, கடைசியில் பெண்டிங். எங்கள் சிவப்பு நோட்டைப் பற்றி நான் சொன்னதைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டாள். நான் திறந்ததும் படிக்கட்டும் என்று அந்த ஆளைப் பலகைக்கு எதிரில் நிறுத்திவிட்டுப் போவாள். பெண்டிங்கில் சில நாள் விளையாட்டைத் தாண்டியும் எழுதியிருப்பாள். ‘பெண்டிங்: தோசை மாவு வெளியே இருக்கு, எடுத்து உள்ள வைங்க.’ நானும் கீழே பதில் பலகை நடுவேன். எங்கள் குடும்பம் பாதி அந்த கிரகத்தில்தான் நடந்தது.

கரண்டு அவள் பொறுப்பு. அது யாரும் பிரித்துக் கொடுத்தது இல்லை, தானாக அப்படி ஆயிற்று. ஆரம்பத்தில் இலை தழையைப் பொறுக்கிப் போட்டு எரிக்கிற குட்டி ஜெனரேட்டர்தான் இருந்தது. வாய் ஓயாமல் தின்னும். நான் சாயங்காலம் முழுக்கக் காட்டில் இலை பொறுக்கினேன். “குப்ப பொறுக்கத்தான் கம்பெனியில இருந்து ஓடி வாரியளா?” என்று ஒரு பலகை வந்தது. ஒரு வாரத்தில் அவள் நிலக்கரிக்கு மாறினாள். ஏரிக்கரையாக ஓர் இடம் பார்த்து, பக்கத்தில் கரிச் சுரங்கம் போட்டு, தண்ணீர் பம்புகளை இறக்கினாள். மூன்று பம்ப் தண்ணீர் எட்டு ஜெனரேட்டருக்கு மிகச் சரியாக வரும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டிருந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை, ஒரு சொட்டு குறையில்லை. எட்டையும் இரண்டு வரிசையாக, நடுவில் நடக்க வழி விட்டு நிறுத்தியிருந்தாள். எங்கள் பவர் ஹவுஸில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. முதல் முறை அதைப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, அன்றைக்கு வெறும் பெருமைதான்.

நான் செய்ததெல்லாம் லோடு ஏற்றியதுதான். புது உலை, புது மிஷின், புது பெல்ட். கரண்டு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் யோசித்தவனில்லை. ஒரு சாயங்காலம் ஒன்பது உலையை ஒரே மூச்சில் மாட்டிவிட்டு மூடி வைத்தேன். மறுநாள் காலையில் அவள் திறந்து சிறிது நேரத்தில் மொத்த கிரகமும் லோடு தாங்காமல் ட்ரிப். ட்ரிப் ஆனால் லீவரைப் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் கரி தோண்டுகிற மிஷினும் தண்ணீர் பம்பும் அதே கரண்டில் ஓடுகிறவை. கரண்டு போனால் கரி வராது, தண்ணீர் வராது. கரியும் தண்ணீரும் இல்லாமல் கரண்டு வராது. அவள் காலை முழுக்க இலை பொறுக்கி, பழைய குட்டி ஜெனரேட்டரைக் கொண்டு பம்பை ஓட்டி, ஒவ்வொன்றாக எழுப்பிவிட்டு வேலைக்குப் போனாள். பலகையில் ஒரே வரிதான். ‘லோடு ஏத்துறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேளுங்க.’

அந்த ஞாயிறு அவள் தக்காளி நறுக்கிக்கொண்டிருக்கும்போது நான் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் பெரிய ஆள் மாதிரி விளக்கினேன்.

“எங்க கம்பெனில ஜெனரேட்டருக்கு டீசல் ஏத்துற பம்பு கீதுல்ல, அதுக்குத் தனி லைனு. மெயின் போனாலும் அது போவாது. அது போச்சுன்னா எல்லாம் போச்சு.”

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப நம்மளும் ரெண்டு ஜெனரேட்டர தனியாப் பிரிச்சி, பம்புக்கும் கரிக்கும் மட்டும் குடுக்கணும். மெயின்ல என்ன நடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.”

“அதான் சொல்றேன்.”

“ஏங்க, இதெல்லாம் நெசமாவே பாத்துக்கிற வேலைக்கு நான் படிச்சிருக்கேன், தெரியும்லா?”

தெரியும் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து பலகைகளில் ‘பெண்டிங்: தனி லைன்’ என்பது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. செய்யலாம் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

இரண்டு மாதம் கழித்து, டீ குடிக்கும்போது இன்சார்ஜ் ஒரு செய்தி சொன்னார். கூரை முழுக்க சோலார் போடப் போகிறார்கள், சப்ஸ்டேஷனையும் பெரிதாக்கப் போகிறார்கள், எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்த ஓர் ஆள் டிரெய்னி இன்ஜினியராக வேண்டும், பெண்ணாக இருந்தாலும் எடுக்கலாம் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு போன் போட்டுச் சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன். சொன்ன வாய் என்னுடையதுதான். அவள் மறுநாளே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ரெஸ்யூம் அடித்து, பழுப்புக் கவரில் போட்டு, என் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கவரின் மேல் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டிருந்தாள்.

பை நனைந்துவிடும் என்று கவரை பைக் சீட்டுக்கு அடியில், ஆர்.சி. புக் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் செருகினேன். முதல் நாள் நிஜமாகவே மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் மறக்கவில்லை. சீட்டைத் தூக்கினேன், கவரைப் பார்த்தேன், மூடினேன்.

ஏன் மூடினேன் என்பதற்கு அப்போது நூறு காரணம் வைத்திருந்தேன். ஷிப்டில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை, பேனல் வேலை ஆபத்து, ஒரே கம்பெனியில் புருஷனும் பெண்டாட்டியும் இருந்தால் பேச்சு வரும். அம்மாவிடம் போய், அவள் வேண்டாம் என்பாள், அதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், “படிச்ச பொண்ணு தானடா, போவட்டும். உனுக்கு இன்னா நோவுது?” என்றாள். எனக்கு நொந்தது இதுதான். அந்த வேலை என் வேலைக்கு மேலே. அவள் வந்தால் சிவப்பு நோட்டில் நான் எழுதுவதைப் படித்து அவள் கையெழுத்துப் போடுவாள். கேன்டீனில் “வூட்டுலயும் அவங்கதான் இன்சார்ஜா?” என்பார்கள். ஹாஸ்டல் படிக்கட்டில் பக்கெட்டோடு நின்றவள் இனி தினமும் என் தலைக்கு மேல் நிற்பாள். இதற்குப் பொறாமை என்று பேர். அந்த ஒரு வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பலகையில் கேள்வி வர ஆரம்பித்தது. ‘பெண்டிங்: 1. தனி லைன். 2. ரெஸ்யூம் குடுத்தியளா?’

நான் கீழே பலகை நட்டேன். ‘குட்த்தாச்சு. ஹெச்.ஆர்.ல கீது.’

வாயால் சொல்லியிருந்தால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். பலகைக்கு முகம் கிடையாது. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டாள். ‘பாத்துகினு இருக்காங்க’ என்றேன். அதற்கடுத்து, ‘கூப்புடுவாங்க’. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் என்று கன்வேயரில் போட்ட மாதிரி வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு சந்தேகம் வந்ததா என்றுகூட நான் யோசிக்கவில்லை. அவள் சந்தேகப்படுகிற ஜாதியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம். மழைக்காலம் முடிந்து வெயில் நன்றாக இருந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். நம் ஆள் ஏரிக்கரையில் நின்றிருந்தான். எதிரில் பலகை. அதற்குப் பின்னால், பழைய எட்டு ஜெனரேட்டருக்குச் சற்றுத் தள்ளி, புதிதாக இரண்டு. அதிலிருந்து கிளம்பிய கம்பி மெயினோடு எங்கும் சேரவில்லை. நேராகக் கரிச் சுரங்கத்துக்குப் போயிற்று, அங்கிருந்து பம்புகளுக்குப் போயிற்று, அவ்வளவுதான். அந்த இரண்டுக்கு மட்டும் தனி பம்ப் ஒன்று. கம்பங்கள் ஒரே இடைவெளியில் நின்றன. லீவருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பலகைகள் நட்டு, ட்ரிப் ஆனால் முதலில் எதை அணைப்பது, பிறகு எதைப் போடுவது என்று வரிசை எழுதியிருந்தாள். குழந்தைகூடச் செய்துவிடும்.

பெரிய பலகையில் எல்லாம் வழக்கம்போல. மிஷின்கள் ஓடுகின்றன, பெல்ட் சரி. கடைசி வரி ‘பெண்டிங்: நில்’.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுற்றிச் சுற்றி வந்து அந்தத் தனி லைனைப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்ததைக் கட்டிவிட்டாள் என்று மார்தட்டிக்கொண்டேன். ரெஸ்யூம் பற்றிக் கேள்வி இல்லை, அப்பாடா, மறந்துவிட்டாள் என்று மூச்சு விட்டேன். அதோடு விட்டேனா? அந்த நில்லுக்குக் கீழே ஒரு பலகை நட்டு, ‘சூப்பர். செம வேல’ என்று எழுதி வைத்தேன். பதினோரு வருடம் சிவப்பு நோட்டு படித்தவன் நான். என் பெண்டாட்டி பேப்பர் போட்டிருக்கிறாள். நான் அதற்கு சூப்பர் போட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு காலை அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள். ஊருக்கு இரண்டு நாள் போகிறாள் என்று நினைத்து, தாம்பரத்தில் விடுவதற்கு பைக் சாவியை எடுத்தேன்.

“எனக்கு காவல்கிணறு பக்கம் வேல கெடச்சிருக்கு. காத்தாடி கம்பெனி. சப்ஸ்டேஷன்ல ஷிப்ட் இன்ஜினியர். நாளைக்கு சேரணும்” என்றாள்.

காற்றாலையைத்தான் அவர்கள் ஊரில் காத்தாடி என்பார்கள். “எப்ப அப்ளை பண்ண? என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். லோடு ஏற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னவள் அவள்.

“இன்ஷூரன்ஸ் கட்ட ஆர்.சி. புக்கு எடுக்கப் போனேன். சீட்டுக்கு அடியில என் கவரு கெடந்துச்சு.” அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

“அப்பவே கேட்டு இருக்கலாம் இல்ல?”

“கேட்டேனே. அதப் பாத்த பெறவும் மூணு தடவ போர்டுல எழுதுனேன். இப்பவாவது குடுக்கலன்னு சொல்லுவியளான்னு பாத்தேன். மூணு தடவயும் குடுத்த மாதிரியே எழுதுனிய.”

அவள் சுவரில் மாட்டியிருந்த துப்பட்டாவை எடுத்து மடித்துப் பையின் மேல் வைத்தாள்.

“கவரக் குடுக்கலங்கறது இல்லங்க. குடுக்க மனசு வரலன்னு நேரா சொல்லியிருந்தா, ஒரு நாள் அழுதுட்டு வேற எடம் பாத்திருப்பேன். உங்க கூடவே இருந்திருப்பேன். நான் தெனமும் பஸ்ஸுல போனப் பாத்துக்கிட்டே போனேன், இன்னிக்கு கூப்புடுவாவ, நாளைக்கு கூப்புடுவாவன்னு. அத நீங்க பாத்துக்கிட்டுதான இருந்திய.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவதை, லோன் வேண்டுமா என்று கேட்கிற குரலுக்கு மரியாதையாக வேண்டாங்க என்று சொல்லி வைப்பதை, நான் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்திருக்கிறேன்.

தாம்பரம் வரை பைக்கில்தான் போனோம். அந்தச் சீட்டின் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். கவர் அப்போதும் அடியில் இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். வண்டி நகரும்போது ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்தேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன்.

அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கவில்லை. குழம்பு மூடி வைக்க ஆளில்லை என்பதால் கேன்டீனிலேயே தின்றுவிட்டு வருவேன். கொடியில் என் சட்டை மட்டும் காய்ந்தது. அம்மா ஊருக்கு வந்துவிடச் சொன்னாள். போகவில்லை. காவல்கிணறுக்குப் போன் செய்தால் அவள் எடுப்பாள் என்ற தைரியத்தில் வாரம் ஒரு முறை கூப்பிடுவேன். எடுப்பாள். சாப்ட்டியளா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதோடு வைத்துவிடுவோம்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வீட்டில் இருக்க முடியாமல் அந்த விளையாட்டைத் திறந்தேன். ஏரிக்கரை அப்படியே இருந்தது. அவளுடைய நில், அதற்குக் கீழே என்னுடைய சூப்பர். எனக்கு என்னவோ வெறி வந்தது. மிஷின் மேல் மிஷினாக மாட்டினேன். எதற்கு, எங்கே என்று பார்க்கவில்லை. ட்ரிப் ஆகட்டும், எல்லாம் நின்று போகட்டும், இந்த முறை ஒரு வாரம் இலை பொறுக்குகிறேன் என்றுதான் மாட்டினேன். ஆயிற்று. விளக்குகள் செத்தன, பெல்ட்டுகள் நின்றன.

பம்புகள் நிற்கவில்லை. ஏரியிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கரி தன் பாட்டுக்கு பெல்ட்டில் ஏறி வந்தது. நான் அவள் எழுதி வைத்த சின்னப் பலகைகளைப் பார்த்து, சொன்ன வரிசையில் அணைத்து, சொன்ன வரிசையில் போட்டு, லீவரை இழுத்தேன். எல்லாம் எழுந்து நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதுதான் உறைத்தது. இதை அவள் தனக்காகக் கட்டவில்லை. அவளுக்கு இலை பொறுக்கி எழுப்பத் தெரியும். கவரைப் பார்த்துவிட்டு, மூன்று முறை கேட்டுவிட்டு, மூன்று பொய்யையும் வாங்கிக்கொண்டு, காலையில் உட்கார்ந்து, தான் இல்லாத நாளில் இந்த மடையன் இருட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கட்டியிருக்கிறாள். லேப்டாப்பின் மேல் தலையை வைத்து அழுதேன். கீழ் போர்ஷனில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சீட்டைத் தூக்கிக் கவரை எடுத்தேன். ஓரம் கசங்கி, எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. பிள்ளையார் சுழி அப்படியே இருந்தது. இன்சார்ஜ் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார்.

“யார்யா இது?”

“என் வொய்ஃப் சார்.”

“இந்த மாதிரி ஆளத்தானய்யா தேடிகினு இருந்தோம். அப்ப எடுத்த பையன் வேற ஆறு மாசத்துல ஓடிட்டான். இத இன்னாத்துக்கு இவ்ளோ நாள் வெச்சிகினு இருந்த?”

அவர் கவரைத் திருப்பி, கறையைப் பார்த்து, என்னைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. “சரி, வரச் சொல்லு” என்றார்.

ஷெட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று போன் போட்டேன். அவள் எடுத்ததும் காற்றுச் சத்தம் காதை அடைத்தது. எங்கேயோ வெளியில் நின்றுகொண்டிருந்தாள். “என்ன, இந்நேரத்துல?” என்றாள்.

“ரெஸ்யூம் குட்த்துட்டேன்” என்றேன். “நெசமா. இப்பதான். இன்சார்ஜ் உன்ன வரச் சொன்னாரு. நீதான் வேணுமாம்.”

காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தூங்கி எழுந்த குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு இங்கன பிடிச்சிருக்குங்க. நூத்திப்பத்து கே.வி. சப்ஸ்டேஷன என் பொறுப்புல விட்டிருக்காவ. நீங்க குடுத்தது சந்தோசம். ஆனா அதுக்காவ இனி காத்துக்கிட்டு இருக்காதீய.”

“தனி லைனு ஓடுது” என்றேன். அதைத்தான் சொல்லத் தோன்றியது. “நேத்து ட்ரிப் ஆச்சு. நானே எடுத்துட்டேன்.”

“எடுத்திட்டியளா?” என்றாள். அந்த ஒரு கணம் அவள் சிரித்தாள், பழைய சிரிப்பு. “அதுக்குத்தான போட்டேன்.” பிறகு யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “ஷிப்ட் மாறுது, நோட்டு எழுதணும். வைக்கட்டா?”

அந்த நேரத்தில் எனக்கு ஒரு வார்த்தை தெரிந்திருந்தது. தமிழ் வார்த்தை. கேன்டீன் வரிசையில் மூன்று மாதம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. தாம்பரத்தில் ஜன்னலோடு நடந்தபோது சொல்லியிருக்க வேண்டியது. அவள் அதை எனக்கு இங்கிலீஷில் எழுதி வைத்த அன்றே நான் திரும்பத் தமிழில் சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். இப்போது சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

“சரி, வை” என்றேன். வைத்துவிட்டாள்.